கூட்டம் கட்டிய மதுரை

2021-ஆம் ஆண்டுச் சித்திரையில் அழகர்கோயில் பெருமாளான கள்ளழகர் மதுரைக்கு வரவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலை ஊரை முடக்கியிருந்தது. அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே அவர் ஆண்டுதோறும் இறங்கும் வைகையைப் போல ஒரு நீர்நிலையை அமைத்தார்கள்; அழகர் குதிரை வாகனத்தில் வந்து அதில் இறங்கினார். பட்டர்கள் இருந்தார்கள், மந்திரம் ஒலித்தது, தீபாராதனை நடந்தது. அழகர்மலையிலிருந்து மதுரை வரைக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சாலையில் இரவெல்லாம் கண்விழித்து நின்று ‘கோவிந்தா’ என்று குரல் கொடுக்கும் மக்கள் மட்டும் வீட்டுக்குள் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணமும் விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டர்களோடு நடந்து நேரலையில்தான் ஒளிபரப்பானது.

அழகர் ஆற்றில் இறங்கினாரா, இல்லையா? ஆகமம் அறிந்தவரைக் கேட்டால், முறைப்படி ஆவாகனம் செய்த நீர் எங்கிருந்தாலும் அது வைகைதான் என்பார். தல்லாகுளத்தில் தலைமுறை தலைமுறையாக அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு நிற்கும் குடும்பத்தில் கேட்டால், “இந்த வருசம் சாமி வரல” என்றுதான் பதில் வரும். இருவர் சொல்வதிலும் பொய்யில்லை. புனிதம் எங்கே குடியிருக்கிறது என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். அது சடங்கில் இருக்கிறதா, கல்லில் இருக்கிறதா, திரண்டு நிற்கும் மக்களிடம் இருக்கிறதா? மதுரையின் தெருவும் மண்டபமும் ஆற்றங்கரையும் பல நூற்றாண்டுகளாக மக்கள் பக்கமே சாய்ந்து நிற்கின்றன.

வரைபடத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றாது. நடுவில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்; மதிலுக்குள் ஆடி வீதிகள்; வெளியே சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. கருவறையிலிருந்து நகரம் பிறந்தது, சிற்ப சாத்திரம் போட்ட கோட்டில் ஊர் எழுந்தது என்று கட்டடக்கலை வகுப்புகளில் விளக்குவார்கள். அழகான விளக்கம். ஆனால் அதில் நடமாடும் மனிதர் ஒருவரும் இல்லை.

மாசி வீதிகளில் பெரிய தேர் ஓடுவது மாசியில் அல்ல, சித்திரையில். இந்த முரணுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்றும் மதுரை மரபு சொல்கிறது. தொ. பரமசிவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் அழகர் சித்திரையில் போனது மதுரைக்கு மேற்கே வைகைக் கரையில் உள்ள தேனூருக்கு. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு அங்கேதான் சாபம் நீங்கியது. சைவத்தையும் வைணவத்தையும் ஒரே விழாவில் சேர்க்கும் அரசியல் நோக்கம் நாயக்கருக்கு இருந்திருக்கலாம். மக்கள் சொல்லும் காரணம் இன்னும் நேரடியானது: மாசியில் வயலில் வேலை இருக்கும், பெரிய தேரின் வடத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும், அறுவடை முடிந்து கோடை தொடங்கிய பிறகுதான் கிராமத்துச் சனம் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குள் வரமுடியும்.

அதாவது, தெய்வத்தின் கல்யாண நாளை உழவரின் ஓய்வு நாள் முடிவு செய்தது. இதைச் சமயத்துக்கு நேர்ந்த குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. மாசி வீதி இவ்வளவு அகலமாக இருப்பதற்குத் தேர் மட்டும் காரணமல்ல. தேர் செல்வதற்கு வேண்டிய இடத்தைவிட, அதை இழுப்பவர்களுக்கும் இருபுறம் நின்று கும்பிடுபவர்களுக்கும் வேண்டிய இடம் பெரியது. தேர் முனை திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் ஒரு பக்கம், வடத்தை வளைத்து இழுத்துச் செல்லும் கூட்டம் இன்னொரு பக்கம் என்று தெருவின் மூலை முழுவதும் மனித உடல்களால் நிரம்பிவிடும். அந்த உடல்கள்தாம் தெருவுக்கு அளவுகோல்.

தெய்வம் மனிதரைச் சார்ந்து நிற்பதை வைணவ ஆசாரியர்கள் தத்துவமாகவே வைத்திருக்கிறார்கள். பரமபதத்தில் இருப்பதிலிருந்து நெஞ்சுக்குள் உறைவது வரை இறைவனுக்கு ஐந்து நிலைகள் உண்டு என்பார்கள். அவற்றுள் அர்ச்சை எனப்படும் திருமேனி நிலைதான் மிக எளியது. அந்த நிலையில் இறைவன் தன் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்து அடியாருக்கு வசப்பட்டு நிற்கிறான். குளிப்பதற்கும் உண்பதற்கும் உடுப்பதற்கும் வெளியே போவதற்கும் மனிதர் கையை எதிர்பார்க்கிறான் என்று பிள்ளை லோகாசாரியர் வழிவந்தவர்கள் விளக்குவார்கள். இதை நேர்மையோடு ஏற்றுக்கொண்டால் வீதியில் நிற்கும் கூட்டத்தைப் பார்வையாளர் என்று சொல்ல முடியாது. தோள் கொடுப்பவரும் வடம் பிடிப்பவரும் தண்ணீர் பீய்ச்சுபவரும் இல்லாமல் அந்தத் தெய்வத்தால் ஓர் அடி நகர முடியாது. கூட்டம் அங்கே வழிபாட்டின் உறுப்பு.

சைவத்திலும் இதற்கு இணையான குரல் உண்டு. நடமாடும் மனிதருக்குக் கொடுத்தது கோயிலில் இருக்கும் இறைவனுக்குப் போய்ச் சேரும், கோயிலுக்குக் கொடுத்தது மனிதருக்குப் போய்ச் சேராது என்பது திருமூலரின் நிலை. கோபுரம் கட்டுவோருக்கு இது சற்றுச் சங்கடமான பேச்சு. அந்தப் பேச்சுக்கு மிக அருகில் வருபவை ஊர்வலத் தெய்வங்கள்தாம். மூலவர் அசையாமல் கல்லில் இருக்கிறார். உற்சவர் வாசலைத் தாண்டி, வெயிலிலும் தூசியிலும் மனிதர்களைத் தேடி வருகிறார்.

அழகர் அப்படி வரும்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் உத்தரவு பெற்றுக் கள்ளர் வேடத்தில் மலையை விட்டுக் கிளம்புகிறார். உண்டியல்கள் வண்டியேறிப் பின்னால் வருகின்றன. வழி நெடுகிலும் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். சில கல் மண்டபங்கள், சில காரைக் கட்டடங்கள், பல ஓலையும் துணியும் போட்ட பந்தல்கள். சாதிச் சங்கம், வணிகர் குழு, தெருவாசிகள், தனிக் குடும்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமைக்காரர். இன்று பந்தலாக இருப்பது ஒரு தலைமுறை கழித்துத் தகரக் கொட்டகையாகலாம், இன்னொரு தலைமுறையில் தூண் நட்ட மண்டபமாகலாம். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அந்தச் சாலையோரம் எழுந்த கட்டுமானங்களுக்கு ஒற்றை வரைபடம் கிடையாது. அழகர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதே வரைபடம். மண்டகப்படி என்பது ‘எங்கள் வாசலில் நில்’ என்று ஒரு கூட்டம் இறைவனிடம் வைக்கும் கோரிக்கை. அவர் நின்றுவிட்டால் அந்த இடம் கோயிலின் நீட்சியாகிவிடுகிறது.

இன்னும் வியப்பானது, கூட்டம் எந்தக் கதையைக் கேட்டு வருகிறது என்பது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்த அண்ணன் அழகர், ஆற்றங்கரைக்கு வரும்போதே கல்யாணம் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு திரும்புகிறார் என்பது மதுரை மாவட்டத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். கோயில் சடங்குகளில் இந்தக் கதைக்கு இடமில்லை. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்க வருபவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் மீனாட்சி கோயிலுக்குள் நுழைவதே இல்லை; மாசி வீதிகளுக்கும் வருவதில்லை; ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், தல்லாகுளம் வழியாக மலைக்குத் திரும்பிவிடுகிறார். இரண்டு கோயில்கள், இரண்டு சமயம், இரண்டு நிர்வாகம், இரண்டு விழா. அவற்றை ஒரே விழாவாக இணைத்திருப்பது மக்கள் வாயில் வாழும் ஒரு கதை. வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று மூன்றாவது சமயத்தையும் அந்தக் கதை சேர்த்துக்கொண்டது. மீனாட்சி கோயிலிலிருந்து தல்லாகுளம் வரை ஆற்றின் இரு கரையும் சித்திரையில் ஒரே கல்யாண வீடாக மாறுவது அந்தக் கதையின் பலத்தால்தான்.

திருக்கல்யாணத்தன்று இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். மண்டபத்துக்குள் இருப்போர் சில ஆயிரம் பேர். 200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் கட்டணச் சீட்டு விற்கிறார்கள், இலவச இடமும் உண்டு. வெளியே நிற்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. உள்ளே அம்மனுக்குத் திருப்பூட்டு நடக்கும் அதே கணத்தில், சித்திரை வீதியிலும் வீட்டுத் திண்ணையிலும் கடை வாசலிலும் நிற்கும் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் என்ற உரிமையில் மொய் எழுதுகிறார்கள்; சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். சீட்டுக் கிடைக்காதவர் கல்யாணத்தைத் தவறவிட்டதாக நினைப்பதில்லை. சுவரின் எந்தப் பக்கம் நின்றாலும் அன்று எல்லோரும் கல்யாண மண்டபத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

புது மண்டபத்தின் கதை கொஞ்சம் வேறு. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. 124 தூண்கள், நாயக்க அரசர்களின் ஆளுயரச் சிலைகள். காலப்போக்கில் தையல்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் வளையல் விற்பவர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தூண்களுக்கு இடையே குடியேறினார்கள். அழகர் வேடத்துக்கான உடைகளை அங்கேதான் தைத்து வாங்குவார்கள். அண்மையில் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களைக் காப்பாற்ற அது தேவையான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தையல் மெஷின் ஓடிய காலத்தை ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது. விழாவுக்கு வேண்டிய உடையும் பண்டமும் விழா மண்டபத்திலேயே கிடைத்தது பொருத்தமற்ற ஏற்பாடு அல்ல.

மேலே இருந்து போட்ட திட்டங்களும் மதுரைக்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தன. நெரிசலில் தவித்த ஊருக்கு அது பெரிய உதவி. நன்றிக்கு அடையாளமாக விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. ஆனாலும் தேர் அந்த வீதிகளுக்கு வரவில்லை. உள்ளே திருவிழா மாதங்களின் பெயர்களும் வெளியே மாரட் என்ற அளவைக்காரர், பெருமாள் என்ற மேஸ்திரி பெயர்களுமாக, நகரம் பிறந்த இரண்டு விதங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன.

‘மக்கள்’ என்று இங்கே இதுவரை சொன்னதில் யார் யார் அடக்கம் என்று கேட்டாக வேண்டும். உற்சவர் வெளியே வருவது உள்ளே வரமுடியாதவர்களுக்காக என்று பக்தர்கள் உருகிச் சொல்வதுண்டு. உள்ளே வரமுடியாதபடி அவர்களைத் தடுத்தவர் யார் என்ற கேள்வியை அந்த உருக்கம் மறைத்துவிடுகிறது. தேர் போகும் வழியும் எல்லாத் தெருவுக்கும் போவதில்லை. சேரிப் பக்கம் திரும்பாத தேர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் பட்டியலினத்தவர் வடம் பிடிக்கும் உரிமை கேட்டதால் 1998-இல் எழுந்த மோதல் நீதிமன்றம் வரை போனது. நடுவில் சில ஆண்டுகள் ஓடியும், பின் நீண்ட காலம் நின்றும் கிடந்த தேர், 2024-இல் காவல்துறையின் பலத்த பாதுகாப்போடுதான் மீண்டும் ஓடியது. கூட்டம் புனிதத்தை உண்டாக்கும் என்றால், கூட்டத்திலிருந்து ஒருவரை விலக்குவது அந்தப் புனிதத்தையே குறைப்பதாகும். ஆசாரத்தைக் காப்பதாக நினைத்து விலக்கியவர்கள் செய்தது இதைத்தான்.

மதுரையில் இந்த விலக்கு 1939 ஜூலை 8 அன்று மாறியது. காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தவரோடும் நாடார் சமூகத்தவரோடும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்கள் சிலர் கோயில் தீட்டுப்பட்டதாகச் சொல்லிப் பூசைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று நம்பித் தனியே வழிபாடு நடத்தியவர்களும் உண்டு. ராஜாஜி அரசு அதே ஆண்டில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அன்று ஒரு கல்லும் நகரவில்லை. ஆனாலும் கொடிமரம், பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம் எல்லாம் அன்றிலிருந்து வேறு கட்டடங்களாயின. நூற்றாண்டுகளாக மதிலுக்கு வெளியே நின்ற ஒருவர் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது, அந்தப் படிக்கட்டு முதன்முறையாக ஊருக்கே உரிய படிக்கட்டாயிற்று. மீனாட்சி வெளியேறினாள் என்று சொன்னவர்கள் அவளைக் கல்லிலும் ஆசாரத்திலும் தேடினார்கள். அவள் இருந்த இடம் அதுவல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு.

புனிதம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இன்று வைகைக் கரையில் வந்து நிற்கிறது. 1959-இல் வைகை அணை வந்த பிறகு, அழகர் இறங்கும் நாளுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவது வழக்கமானது. தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் ஆற்று மணலில் குழி வெட்டி நீர் நிரப்பியிருக்கிறார்கள். இப்போது நகருக்குள் ஆற்றின் இரு கரையிலும் காங்கிரீட் சுவரும் சாலையும் வந்துவிட்டன, தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. போக்குவரத்துக்கு இவற்றால் பயனுண்டு. ஆனால் அகன்ற மணல்வெளி முழுவதும் பரவி நின்ற கூட்டம் சுவர்களுக்கு நடுவே ஒடுங்க வேண்டியதாயிற்று. 2022-இல், இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் விழா திரும்பியபோது, ஆற்றுக்குள் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே சித்திரையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் உயிரிழந்தார்கள். தேர் எத்தனை அடி உயரம், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்; சாலைக்கும் மின்தடத்துக்கும் திட்டமிடும் மேசைக்கு அது எட்டவில்லை.

இப்படி ஒரு சாவு நேர்ந்ததும் எழும் குரல் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லும். தடுப்புக் கம்பி, அனுமதிச் சீட்டு, எல்.இ.டி. திரை என்று ஏற்பாடுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. உயிரைக் காக்க வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கூட்டத்தைத் தொல்லையாக நினைத்துப் போடும் திட்டமும், கூட்டம்தான் இந்த இடத்துக்கு உரிமையுள்ளது என்று நினைத்துப் போடும் திட்டமும் ஒன்றல்ல. முதல் திட்டம் சுவர் எழுப்பும். இரண்டாவது திட்டம் அகன்ற படித்துறைகளை அமைக்கும். ஏறவும் இறங்கவும் தனித்தனி வழி வைக்கும். வயதானவர்கள் உட்கார நிழல் போடும். மின்கம்பியைத் தரைக்கு அடியில் கொண்டுபோகும். இவை விழா அன்று மட்டுமல்ல, மற்ற நாள்களிலும் ஊருக்குப் பயன்படும்.

வைகைக் கரையை அடைப்பது பற்றி மதுரைக்குத் தனிப் புராணமே இருக்கிறது. வெள்ளத்தில் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்டார். ஆவணி மூலத்தன்று அந்த லீலையை இன்றும் புட்டுத்தோப்பில் நடத்துகிறார்கள். கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு. ஆளில்லாத கிழவிக்கும் உண்டு என்பது அந்தக் கதையின் சட்டம். இன்றைய கரைச் சுவர்கள் எழுந்தபோது எந்த மண்டகப்படிக்காரரை, எந்தப் படித்துறைத் தெருவாசியைக் கேட்டுத் திட்டம் போட்டார்கள் என்று ஊர் கேட்பதற்கு இந்தக் கதையே போதுமான ஆதாரம்.

திருமலை நாயக்கர் அழகரின் வழியைத் தேனூரிலிருந்து மதுரைக்குத் திருப்பியபோது ஒரு சின்ன ஊர் தன் விழாவை இழந்தது. இழந்தவர்களுக்காக அவர் வண்டியூர் அருகே வைகைக்குள் ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்தார் என்பது மரபு. அதன் பெயர் தேனூர் மண்டபம். அழகர் கருட வாகனத்தில் வந்து மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பது இன்றும் அங்கேதான்; தேனூர்க்காரர்களுக்கு அன்று அங்கே முதல் மரியாதை. நாயக்கர் அரண்மனையைப் பார்க்கக் கட்டணம் கட்டி வருபவர்களில் எத்தனை பேர் அந்த மண்டபத்தைத் தேடிப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். வைகைக் கரைக்கு அடுத்த திட்டம் வரையும் பொறியாளர்கள் அவசியம் ஒருமுறை அங்கே போய், தேனூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.